சங்கரியின் தறிக்குழியும் இரண்டு அரசாங்கங்களும்

சங்கரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பட்டு நெய்கிறாள். ஆனால் அரசாங்கக் கணக்குப்படி அவள் ஒரு சேலைகூட நெய்தது கிடையாது. கணக்கெடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே "இல்லத்தரசி" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் எந்த நேரத்தில் இல்லத்தை அரசாண்டாள் என்பது எழுதுகிறவனுக்குத்தான் வெளிச்சம்.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் நெசவுக்காரி இல்லை. எங்கள் வீட்டார் வாலாஜாபாத் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்தவர்கள். பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஜெராக்ஸ் கடை வைத்து, இந்தத் தெருவிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் கோர்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து, நூல் சுற்றிய நாடாக் கட்டையை உடலுக்கு விடுகிறவர் ஒருவர். பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு தடவை விடும்போதும் கரைக்கான நாடாவை எறிகிறவர் இன்னொருவர். இருவரில் யார் எழுந்து போனாலும் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆனாலும் கூலி, சங்கத்து அட்டை, காப்பீடு, மேடையில் போர்த்துகிற சால்வை எல்லாம் குழிக்குள் கால் விட்டவர் பெயருக்கே போகும். நாடா எறிகிறவளுக்குக் கழுத்து வலி.

சங்கரி எறிகிறவள். குழிக்குள் இருப்பவர் அவள் புருஷன் மயில்வாகனம்.

மயில்வாகனத்தைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு மனசு வராது. குடிக்க மாட்டார். பிரதோஷம் தவறாமல் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போவார். தெருவில் யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். தான் தனியாக நெய்கிறோம் என்கிற ஒரே நம்பிக்கைதான் அவருக்கு வியாதி. "நான் நெய்த சேலை ஒண்ணு சிங்கப்பூர் போச்சு" என்பார். அந்தச் சேலையின் கரை மட்டும் தானாக வளர்ந்ததுபோல!

போன வருஷம் வெயில் காலத்தில் எங்கள் தெரு நெசவாளர் சங்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நல்ல காரியம் நடந்தால் பின்னாலேயே தொல்லை வரும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சங்கத்துச் செயலாளர் அகிலா ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். சொந்தமாகத் தறி வைத்திருக்கிற பெண்களைத் தனி உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். நெய்வதற்கான பாவு நூல் அவர்கள் பெயரிலேயே கொடுக்கப்படும், கூலியும் அவர்கள் பெயரிலேயே. ஆயுதபூஜைக்குள் தறி நின்று ஓட வேண்டும். அதற்கப்புறம் வந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் அகிலா செயலாளராக இருப்பாளா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அன்று மத்தியானம் சங்கரி என் கடைக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கிற்று.

"எல்லம்மாக்கா, நான் தறி போடப் போறேன்."

"உங்க வூட்ல இருக்கற தறி?"

"அது அவருது. நான் சொல்றது என் தறி. என் பேருல. நான் குழிக்குள்ள உக்காருவேன்."

முகத்தைப் பார்த்தேன். நகை கேட்டும் அழாதவள், சேலை கேட்டும் அழாதவள். அன்று கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் பாசமும் பொங்கியது, பயமும் வந்தது. ஏனென்றால் தறி வாங்க அவள் கையில் ஒன்றும் இல்லை. அரசாங்கத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது என்று அகிலா சொல்லி அனுப்பியிருந்தாள். திட்டம் என்கிற வார்த்தையைக் கேட்டதும் ஜெராக்ஸ் மிஷினில் காகிதம் நிரப்பி வைத்தேன்.

திட்டத்தின் பெயர் நீளமானது. தெருவில் அதைப் புதுத்தறித் திட்டம் என்றார்கள். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது. இரண்டும் சேர்ந்து ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருந்தன. அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவள் நான், அதனால் வரி விடாமல் படித்திருக்கிறேன். புரிந்தவர் யார், உணர்ந்தவர் யார் என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். அகப்படவில்லை.

ஒப்பந்தத்தில் மத்திய அரசின் பொறுப்பு என்று சின்னதாக ஒரு பத்தி. தறி வழங்குவது, கண்காணிப்பது, படம் எடுப்பது. மாநில அரசின் பொறுப்புகள் என்று பக்கம் பக்கமாக ஓடியது. பயனாளியைக் கண்டுபிடிப்பது, இடம் பார்ப்பது, கட்டுமானம், மின் இணைப்பு, பராமரிப்பு, விழிப்புணர்வு, அப்புறம் மத்திய அரசு தறி வழங்கியதை மக்களுக்கு எடுத்துச் சொல்வது. கடைசியில் ஒரு வரி: இதில் சொல்லப்படாத எதற்கும் எந்தத் தரப்பும் பொறுப்பல்ல.

"நம்ம தரப்பு எது அக்கா?" என்று கேட்டாள் சங்கரி.

"நீ தரப்பு இல்லடி. நீ பயனாளி."

"அப்படின்னா?"

"கியூல நிக்கறவ."

இதிலே குழி எங்கே வருகிறது என்று பார்த்தீர்களா? தறி என்பது மரச் சாமான், ஆகையால் மத்திய அரசு. குழி என்பது தரையில் வெட்டுவது, ஆகையால் கட்டுமானம், ஆகையால் மாநில அரசு. தறியையும் குழியையும் பிரித்துப் பார்க்க எந்த நெசவாளிக்கும் தோன்றாது. படித்து, பரீட்சை எழுதி, டெல்லிக்குப் போய் உட்கார்ந்தால்தான் அந்த ஞானம் வரும்.

இரண்டு அரசாங்கத்துக்கும் ஒரே கட்டடத்தில்தான் ஆபீஸ். மாடியில் மத்திய அரசு, அங்கே சாமுவேல். கீழே மாநில அரசு, அங்கே பூவராகவன். இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள். மத்தியானம் கீழே உட்கார்ந்து ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். பூவராகவன் வீட்டு வத்தக்குழம்பு சாமுவேல் தட்டுக்குப் போகும், சாமுவேல் வீட்டு மீன் வறுவல்... பூவராகவன் சைவம், ஆகையால் அது அங்கேயே இருக்கும். குழம்பு இப்படிக் கை நீட்டும் தூரத்தில் போய்விடும். அதே மேசையிலிருந்து ஒரு காகிதம் மாடிக்குப் போக வேண்டுமென்றால், அது சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், திரும்ப வந்து மாடிப்படி ஏற வேண்டும்.

சங்கரி மனுப் போட்டாள். என்ன ஆச்சரியமோ, சீக்கிரமே தறி வந்துவிட்டது. லாரியில் வந்து இறங்கியது. சாமுவேல் கூடவே வந்து, கட்டைகளைச் சுவரில் சாய்த்து, நடுவில் சங்கரியை நிறுத்திப் படம் எடுத்தார். "சிரிம்மா, சிரிம்மா" என்றார். அவள் நிஜமாகவே சிரித்தாள்.

"சார், குழி?"

"அது கீழ."

"ஆமா சார், குழி கீழதான் இருக்கும். எப்ப வெட்டுவீங்க?"

"கீழ் ஆபீஸ்மா! பூவராகவன் சார் கிட்ட கேளு."

கீழே போனாள். நானும் துணைக்குப் போனேன். பூவராகவன் மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதுதான் அவரிடம் கெட்ட பழக்கம். மரியாதையாகப் பேசுகிறவனிடம் சண்டை போட முடியாது.

"குழிக்கு மேல இருந்து இன்னும் வரலம்மா."

"மேலன்னா மாடியா சார்?"

"மாடிக்கும் மேல."

ஆடி போயிற்று. ஆவணியும் போய்க்கொண்டிருந்தது. தறிக்கட்டைகள் சுவரில் சாய்ந்தபடி கிடந்தன. மயில்வாகனம் அதன்மேல் துண்டு காயப்போட ஆரம்பித்தார். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். வெளியே பரிதாபமாக முகத்தை வைத்துக்கொள்வார். சங்கரி குழிக்குள் உட்கார்ந்துவிட்டால் இவருக்குக் கோர்வை யார் போடுவது? இந்தக் காலத்துப் பிள்ளைகள் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய்விடுகிறார்கள். கோர்வைக்கு ஆள் கேட்டால் தெருவே சிரிக்கும்.

"கவர்மெண்டு காரியம்னா அப்படித்தான் சங்கரி. அவசரப்படாத. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் என்று அவர் வாயால் கேட்டதும் சங்கரி எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி வந்தாள். தன் கையால் தரையைப் பெயர்த்தாள். மயில்வாகனம் "ஏய், ஏய், தரை, தரை" என்று குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒரு கை மண் அள்ளிப் போடவில்லை. அவள் வெட்டி, ஓரம் பூசி, ஆளை வைத்துத் தறியை இறக்கி மாட்டி முடித்தாள். கால் விட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். பாவு இல்லாத வெறும் தறியில் மிதியை மிதித்துக் காட்டினாள். கட்டை லொடக் லொடக் என்று சத்தம் போட்டது.

அத்தோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். நியாயமான ஊராக இருந்தால் முடிந்திருக்கும்.

சாமுவேல் வந்து பார்த்தார். தறி நிற்கிறது, படம் எடுத்தார், மகா சந்தோஷம். "குட், குட்" என்று கை குலுக்கிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் பூவராகவனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பூவராகவனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே சங்கரி வீட்டுக்கு வந்தார், நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஏம்மா, இந்தக் குழியை யார் வெட்டினது?"

"நான்தான் சார்."

"நீ எப்படிம்மா வெட்டலாம்?"

"கடப்பாரையால சார்."

பாவம், அவள் கேலி செய்யவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அது மாநில அரசோட பொறுப்பும்மா. ஒப்பந்தத்துல இருக்குது. பொறுப்பு எங்களுது. நீ செஞ்சுட்டா நாங்க செய்யலன்னு ஆயிடும். நாங்க செய்யலன்னா மத்திய அரசு அவங்க பங்கை நிறுத்திடும். உன் ஒரு குழியால மாவட்டத்துல ஒருத்தருக்கும் குழி கிடைக்காது."

"சரி சார், நீங்க வெட்டினதாவே எழுதிக்கோங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அதெப்படிம்மா? வெட்டறதுக்கு முன்னாடி ஒரு படம், வெட்டினப்பறம் ஒரு படம் வேணும். முன்னாடி படத்துல குழி இருக்கக் கூடாதே!"

அவர் சொல்ல வந்தது எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. வெட்டின குழியை மூட வேண்டும், மூடிவிட்டு வெறும் தரையைப் படம் எடுக்க வேண்டும், அப்புறம் அரசாங்கம் அதே இடத்தில் வெட்டும்!

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா சார்?" என்றே கேட்டேன்.

"எனக்கு இருக்குதும்மா. நடைமுறைக்குத்தான் இல்ல" என்றார் அவர், குரல் உயர்த்தாமல்.

வெட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆள் கிடைக்காத அரசாங்கம், மூடுவதற்கு மறுநாள் காலையிலேயே டிராக்டர் அனுப்பியது. பள்ளம் மூட வேறு திட்டம் இருக்கிறதாம், அதில் ஆட்கள் தயாராக இருக்கிறார்களாம். தறியைக் கழற்றினார்கள். கூடை கூடையாக மண்ணைக் கொட்டி, மேலே தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டிச் சமன் செய்தார்கள். சங்கரி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் போனபிறகு அந்தத் தரைமேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் அந்த ஆபீஸ்களையும், அதைக் கட்டினவனையும், கட்டக் கல் சுமந்தவனையும் சேர்த்துச் சபித்தேன்.

இதைக் கேள்விப்பட்டு மாடியிலிருந்து சாமுவேல் பதறிக்கொண்டு வந்தார். "தறியைக் கழற்றிட்டீங்களா? தறி நிக்கலன்னா நான் எடுத்த படம் செல்லாதே! வழங்கின தறி பயன்பாட்டில் இல்லைன்னு வந்துடுமே!" சங்கரி வீட்டு நடுக்கூடத்தில் அவருக்கும் பூவராகவனுக்கும் வாக்குவாதம். தறி நிற்க வேண்டும் என்கிறார் அவர். தரை சமமாக இருக்க வேண்டும் என்கிறார் இவர். இரண்டையும் கேட்டு மயில்வாகனம் இரண்டு பக்கமும் தலையாட்டினார். மத்தியானம் ஆனதும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் சாப்பிடப் போனார்கள்.

கடைசியில் பூவராகவன் எப்படியோ ஆள் பிடித்துவிட்டார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். புரட்டாசி பிறந்ததும் குழி வெட்ட ஆட்கள் வந்தார்கள். ஆனால் உருண்டையாக வெட்டினார்கள்.

"இன்னாபா இது, ஆழாக்கு மாதிரி வெட்டிக்கினு இருக்கீங்க?" என்று சங்கரி பதறினாள்.

பூவராகவன் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். "எங்க விலைப் பட்டியல்ல தறிக்குழின்னு ஒண்ணு கிடையாதும்மா. குழின்னு மூணுதான் இருக்குது. மரக்கன்று நடற குழி, மழைநீர்க் குழி, கக்கூஸ் குழி. உனக்காக யோசிச்சு இருக்கறதுலயே மங்களகரமானதாப் போட்டிருக்கேன்."

மரக்கன்றுக் குழி என்று எழுதினால் மரக்கன்று வேண்டுமே? கொண்டுவந்திருந்தார்கள். வேப்பங்கன்று. வீட்டுக்குள்ளே, கூடத்திலே, தறி நிற்க வேண்டிய இடத்திலே அதை நட்டு, சங்கரி கையில் ஒரு சொம்பு கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இந்த முறையும் "சிரிம்மா" என்றார்கள். இந்த முறை தெருப் பெண்கள் சிரித்தார்கள், சங்கரி சிரிக்கவில்லை. "குழி பயன்பாட்டுக்கு வந்தது" என்று பூவராகவன் கையெழுத்துப் போட்டார். அவர் ஸ்கூட்டர் முனை திரும்பியதும் சங்கரி கன்றைப் பிடுங்கிக் கொல்லையில் வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்து உருண்டையைச் சதுரமாக்கினாள். அன்று பொழுது சாய்வதற்குள் தறி மறுபடி இறங்கிவிட்டது.

இரண்டு படமும் இருக்கிறது, இரண்டு கையெழுத்தும் இருக்கிறது. ஆயுதபூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நானும் சங்கரியும் சங்கத்துக்குப் போனோம். அகிலா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, தறி உங்க பேருல இருக்குது, சரி. குழி மயில்வாகனம் அண்ணன் பேருல இல்ல இருக்குது?"

"குழி எப்படிமா அவரு பேருல போகும்? வெட்டினவ நானு!"

"குழி தரையில இருக்குது, தரை வீட்டுல இருக்குது, வீடு அண்ணன் பேருல இருக்குது. கீழ் ஆபீஸ் வீட்டுக்காரர் பேருல போட்டுட்டாங்க. தறி மாடி ஆபீஸ், உங்க பேரு. குழி கீழ் ஆபீஸ், அவரு பேரு. ஆடிட்டர் கேப்பாரு, நான் இன்னா சொல்றது? நீங்க ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக் குடுத்துடுங்கக்கா. அவரு குழியை நீங்க உபயோகிச்சுக்கலாம்னு."

"இன்னா ஒப்பந்தம்?"

அகிலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "புரிந்துணர்வு ஒப்பந்தம்" என்றாள்.

ஐயோ, மயில்வாகனத்தைப் பார்த்திருக்க வேண்டுமே அன்றைக்கு! இத்தனை நாள் துண்டு காயப்போட்ட மனுஷன், தனக்குச் சொந்தமாக ஒரு குழி இருக்கிறது, அது இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது என்று தெரிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்.

"நான் இன்னா குறுக்கவா நிக்கப் போறேன் எல்லம்மா? தாராளமா நெய்யட்டும். ஆனா ஒப்பந்தம்னா ஷரத்து இருக்கணுமில்ல. முதல்ல என் தறி. என் சேலை முடிஞ்சு, பொழுது இருந்தா, அவ தறி. பராமரிப்பு அவ பொறுப்பு. சமையல் எப்பவும்போல. குழி என்னுதுன்றதால சங்கத்துல நானும் ஒரு கையெழுத்துப் போடுவேன். மேற்பார்வை மாதிரி வச்சுக்கோயேன்."

எனக்கு அந்த ஜெராக்ஸ் எடுத்த ஒப்பந்தத்தை மறுபடி வாசித்துக் காட்டியதுபோலவே இருந்தது. மனுஷன் டெல்லிப் பக்கமே போனதில்லை. எங்கே கற்றுக்கொண்டார்?

"என் தறிக்குக் கோர்வை யாருயா போடறது?" என்று கடைக்குள் உட்கார்ந்திருந்த சங்கரி கேட்டாள். மற்றவர்கள் எதிரில் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் அந்த 'ங்க' காணாமல் போய்விடும்.

"அதை ஒப்பந்தத்துல சொல்லல. சொல்லாததுக்கு நான் பொறுப்பு இல்ல."

சங்கரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மயில்வாகனம் ஜெயித்துவிட்டதாக நினைத்து என்னிடம் டீ வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை அவர் தன் தறிக்குழிக்குள் இறங்கிக் காலை விட்டு உட்கார்ந்து, "சங்கரி" என்று கூப்பிட்டார். அவள் என் கடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டாவது தடவை சத்தமாகக் கூப்பிட்டார். தெருவில் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

தனியாகவே முயற்சி செய்தார். உடல் நாடாவை விட்டுவிட்டு, இடுப்பை ஒடித்துச் சாய்ந்து, கரை நாடாவைத் தானே எறிந்து பார்த்தார். சேலை கல்யாணச் சேலை. கரை ஒரு இடத்தில் இறுகி, ஒரு இடத்தில் தளர்ந்து, கோணிக்கொண்டு போயிற்று. பிரித்தார். மறுபடி நெய்தார், மறுபடி பிரித்தார். பிரித்துப் பிரித்து நூல் பிசிறு தட்டிவிட்டது. தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் கோர்வைக்கு ஆள் கேட்டுப் போனார். "உங்க வூட்லயே ஆள் இருக்குதே" என்று எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். சொந்தத் தங்கச்சிகூட அதையே சொன்னாள்.

ஆயுதபூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கரி என்னிடம் தைரியமாகப் பேசினாலும் கடைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வருஷம் போயிற்று. இத்தனை குழி வெட்டியும் கடைசியில் அவர் தறிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார வேண்டியதுதான். "போயி எறிஞ்சுடட்டுமாக்கா? பாவம், சேலை கெட்டுடும்" என்றுகூட ஒருநாள் கேட்டாள். "எழுந்தே, காலை ஒடிச்சுடுவேன்" என்றேன்.

கடைசியில் மயில்வாகனமே கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி இல்லை, தறியில் கட்டுகிற பழைய லுங்கி. பெஞ்சில் உட்காராமல் நின்றார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஷரத்து?" என்றாள் சங்கரி.

"நீயே சொல்லு."

"காலையில நான் உங்களுக்கு எறியறேன். மத்தியானத்துக்கு மேல நீங்க எனக்கு எறியணும். சமையலு, யாரு தறிய விட்டு முதல்ல எழுந்திருக்காங்களோ அவங்க. மேற்பார்வை யாருக்கும் கிடையாது."

நான் எழுதினேன், அவர் போட்டார். அரசாங்கத்துக்கு வருஷக்கணக்கில் வராத புரிதல் அவருக்கு அந்த ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கோணல் கரையை நாலு தடவை பிரித்தால் யாருக்கும் வரும்.

ஆயுதபூஜைக்கு முன்னால் சங்கரி பெயரில் பாவு வந்தது. மயில்வாகனம் சொன்ன சொல் தவறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் குழிக்குள் இறங்குவாள், அவர் பக்கத்துப் பலகையில் உட்காருவார். முதல் நாள் அவர் எறிந்த நாடா தறியைத் தாண்டி வாசலுக்கு வந்து விழுந்தது. நெய்யத் தெரிந்தவருக்கு எறியத் தெரியவில்லை! அவள் திட்டித் திட்டிப் பழக்கினாள். கொஞ்ச நாளில் இரவெல்லாம் கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேடினார். இரண்டு ஆபீஸும் கூடச் சும்மா இருக்கவில்லை. "இந்தத் தறி மத்திய அரசின் பங்களிப்பு" என்று ஒரு பலகையும், "இந்தக் குழி மாநில அரசின் பங்களிப்பு" என்று ஒரு பலகையும் கொண்டுவந்து மாட்டினார்கள். சங்கரிக்கு நூல் கண்டுகளைத் தொங்கவிட அந்த ஆணிகள் நன்றாக இருந்தன.

தீபாவளிக்கு முன்னால் முதல் சேலை முடிந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. கரை கொஞ்சம் இங்கேயும் அங்கேயும் அவர் கைவரிசை காட்டியது, ஆனாலும் அகிலா விரித்துப் பார்த்துவிட்டு நல்ல தரம் என்றே போட்டாள். ரசீது எழுதினாள். நெய்தவர்: சங்கரி. அதைப் பார்த்து சங்கரி விரலால் அந்த எழுத்தைத் தடவினாள். மை காயவில்லை, லேசாக இழுபட்டது. "ஐயோ, பேர அழிச்சுட்டேனேம்மா" என்று பதறினாள். அகிலா சிரித்துக்கொண்டே வேறு ரசீது எழுதிக் கொடுத்தாள்.

மயில்வாகனம் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா அகிலா, இதுல நான் எங்கயும் இல்லியே?"

"நெய்தவங்க பேருதான்ணே வரும்."

"நானும்தானே தினம் உக்காந்தேன். நான் எறியாம இந்தக் கரை எப்படி வந்துது? கோர்வை போட்டவருன்னு ஒரு ஓரமா எழுதக் கூடாதா?"

அவர் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே மனசு வெம்பிப் போயிருந்தது. அகிலா என்னைப் பார்த்தாள்.

சங்கரி ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு சேலைக்கே இவ்ளோ வலிக்குதாயா உனக்கு?" என்றாள்.

அவர் வெளியே போய் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.